கீரஞ்சேந்தனுக்கு இரண்டாம் ஏடு

திரு ஓங்குக, குடை நிழல் குன்றாதிருக்க. ஏழ்சுனை நாடாளும் கோமகனாரின் திருவடி பணிந்து முதலமைச்சன் வேள்நம்பி விடுக்கும் ஓலை. வடவெல்லைப் புதுவாயில் காக்கும் படைத்தலைவர் அதியமாறனார் காண்க. தங்கள் கோட்டையும் குடிகளும் தீங்கின்றி வாழ்க.

மேலுலகிலிருந்து நம்மை ஆட்டுவிக்கும் ஆட்டக்காரர் புதிதாய்ப் பதிவிறக்கிய பனிநாடு, நம் எல்லையில் வந்து ஒட்டிக்கொண்டதைத் தாங்கள் அறிவீர். வெறும் மரக்கழியோடு இவ்வாட்டத்துள் வந்து, நாற்பது நிலை ஏறி, நம் பகையெல்லாம் முடித்த கீரஞ்சேந்தன், தன் பழைய வாளோடும் கவசத்தோடும் அங்கே புறப்பட்டுவிட்டான். புதிய வீரன் எதற்கு, இவனே போதுமென்று அவையில் முழங்கியவன் நானே. ஒரு வீரனுக்கு ஓர் ஏடு என்னும் நம் வழக்கப்படி, அவன் மாண்டால் மீண்டும் எழுவதற்காக அவன் நிலையைப் பதிந்த ஏட்டுக்குப் படியெடுக்கலாகாதென்று தங்களுக்குக் கட்டளையிட்டவனும் நானே.

இன்று காலை ஒரு செய்தி வந்தது. அண்டை நாட்டுத் தாழைக்குடியினர் தம் வீராங்கனை பூங்கண்ணியை அவ்வாறே, ஏட்டுக்குப் படியெடாமல், பனிநாட்டுக்கு அனுப்பினராம். வருபவர் எந்நிலையினரோ அந்நிலைக்கு அங்குள்ள அரக்கரும் வளர்கின்றனராம். அதுவாவது போகட்டும். அந்நாட்டு எழுத்தரோ, யாரும் கேளாமலே வீரரின் நிலையை ஏட்டில் பதிகிறார். அரக்கனின் தண்டு அவள் தலைக்கு ஒரு சாண் மேலிருந்த கணத்தில், பழைய ஏட்டை எரித்துவிட்டு அக்கணத்தையே பதிந்துவிட்டாராம். ஆட்டக்காரர் அவளை எழுப்பும்போதெல்லாம், நிமிர்ந்து பார்க்க மட்டுமே அவளுக்கு நேரமிருக்கிறது. முந்நூறு முறை பார்த்தபின் தாளாமல் ஓடிவந்ததாகத் தூதன் சொன்னான். ஒவ்வொரு முறையும் அவள் முதன்முறை போலவே அஞ்சினாளாம்.

படைத்தலைவரே, எனக்கு அச்சமாயிருக்கிறது. தன் ஏட்டுக்கு ஒரு படி எடுத்து வைக்கலாகாதா என்று புறப்படும்போது சேந்தன் கேட்டான். கோழைக்கே இரண்டு ஏடு வேண்டுமென்று சொல்லிச் சிரித்தேன். அவன் போய்விட்டான்.

ஆகவே என் முன்னைக் கட்டளையை மீறுக. அவன் வாயில் கடக்குமுன் இவ்வோலை சேர்ந்தால், அவன் ஏட்டுக்குப் படியெடுத்து, எழுத்தரின் கைக்கெட்டாத கருவூலத்தில் வைத்த பின்னரே கதவைத் திறந்திடுக. அவன் உள்ளே சென்றிருந்தால், விரைந்து சென்று எழுத்தரின் எழுத்தாணியை முறித்திடுக. அப்பழி என்னைச் சேரட்டும். அவர் அத்தகைய கணத்தைப் பதிந்து முடித்திருந்தால், சேந்தனை இனி எழுப்பவேண்டாமென்று ஆட்டக்காரரிடம் மன்றாடுக.

இவ்வோலைக்கு மூன்று படிகள் எடுத்து மூன்று குதிரைகளில் அனுப்பியுள்ளேன். அன்று அவன் ஏட்டுக்கு ஒன்று எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இது அரச முத்திரை. இது ஆணை.