சுவரிலிருந்து மூன்று மீட்டர்

மார்ச் 3, செவ்வாய்

பெட்டியைப் பிரித்தேன். என் மூன்று வருடச் சேமிப்பு உள்ளங்கை அளவுக்கு மடங்கிக் கிடக்கிறது. ஆன் செய்தால் ட்ரோன் பறக்கும் என்று நினைத்திருந்தேன். முட்டாள். முதலில் கணக்குத் தொடங்கச் சொன்னது. பிறகு பிறந்த தேதி கேட்டது. பிறகு அப்டேட். தரையை விட்டு இன்னும் ஒரு அடிகூட எழும்பாத பொருளில் எதை மேம்படுத்தப் போகிறார்கள்? அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றது. ஒரு மணி நேரம் அங்கேயே நின்றது.

அண்ணன் எட்டிப் பார்த்தான். "என்ன, மகாராணி இன்னும் எந்திரிக்கலையா?"

மார்ச் 4, புதன்

ஏன் வாங்கினேன் என்று இங்கேயாவது நேராக எழுதி வைக்கிறேன்.

அண்ணன் பதினோரு வருடமாக உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் இறங்குகிறான். சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு டைலாகத் தட்டுவான். பிடிப்பு விட்ட டைல் வேறு மாதிரிச் சத்தம் போடும். அதைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம். கீழே போகிறவர்கள் தலையில் அது விழக்கூடாது என்பதற்காக இவன் தொங்குகிறான். நான் அதே கம்பெனியில், மொட்டை மாடியில் அவன் கயிற்றைப் பார்த்துக்கொள்கிறேன். இறங்குவதற்கு எனக்கும் சான்றிதழ் உண்டு. "பொம்பளப் புள்ளைய செவத்துல தொங்கவிட்டா பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?" என்று மேனேஜர் அதை அலமாரிக்குள் போட்டுவிட்டார்.

போன மாதம் பன்னிரண்டாவது மாடியருகே அண்ணன் அசையாமல் நின்றான். கூப்பிட்டேன், பதில் இல்லை. ஒருவழியாக மேலே வந்ததும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"தலை சுத்துதுடி. இது மூணாவது தடவை. யார்கிட்டயும் மூச்சு விட்டுராத."

சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் — எழுத வரவில்லை.

ட்ரோன் சுவரைப் படம் எடுக்கட்டும். அண்ணன் தரையில் நின்று அதை ஓட்டட்டும். அவ்வளவுதான் திட்டம்.

மார்ச் 7, சனி

பறந்தது! நாலு நிமிடம். உடனே இன்னொரு அப்டேட். அது முடிந்ததும் திசை தெரியவில்லை என்றது. கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடியில் வட்டமடிக்க வேண்டுமாம். வட்டமடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப்போட வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஃபேன் ரிப்பேரா?" என்றார்.

அதைத் தூக்கி அவர் மேலேயே எறிந்திருக்கலாம்.

மார்ச் 10, செவ்வாய்

உதவி மையத்துக்கு எழுதினேன். கேமரா ஏன் கோணலாக நிற்கிறது என்று கேட்டால், "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று பதில் வருகிறது. நான் எங்கே பொறுமையாக இருந்தேன்? காசு வாங்குகிறவரை மனிதர்கள் பேசினார்கள். வாங்கிய பிறகு இயந்திரம் பேசுகிறது.

செல்போன் கடைக்காரர்தான் கடைசியில் சரிசெய்தார். "ஒழுங்கா வேலை செய்யுதுல்ல? இனிமே நெட்ட கட் பண்ணிட்டு ஓட்டு. அப்டேட்டுன்னு எது கேட்டாலும் தொடாத. அடுத்ததுல என்ன வருதுன்னு படிச்சியா?"

படித்தேன். அடுத்த பதிப்பில் ட்ரோன் எந்தச் சுவருக்கும் மூன்று மீட்டருக்குள் போகாது. இந்தப் பாதுகாப்பு வசதியை அணைக்க இயலாது. மயிரிழை விரிசலைப் பார்க்க ஒரு மீட்டர் தூரத்துக்காவது நெருங்க வேண்டும். மூன்றில் ஒன்றும் தெரியாது. ட்ரோனை ஓட்டும் கன்ட்ரோலரில் நெட்டை அணைத்துவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

மேனேஜர் ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமை, பதினாறு மாடிக் கட்டடத்தின் வடக்குச் சுவர். "படம் தெளிவா வந்தா உங்கண்ணன் தரையில நிக்கட்டும். வரலன்னா கயிறு இருக்கவே இருக்கு. கயித்துக்கு சார்ஜ் போட வேணாம் பாரு." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

அண்ணன் முதலில் நக்கலடித்தான். "உன் மகாராணிக்குக் காது இருக்கா? டைல் சத்தம் கேக்குமா?" ஆனால் கன்ட்ரோலரைக் கையில் வாங்கிய பிறகு தரவில்லை. என்னைவிட நன்றாக ஓட்டுகிறான். சுவரை விரல் விரலாகத் தெரிந்தவன். ஜன்னல் விளிம்புகளைத் தொடாமல் ட்ரோன் வழுக்கிக்கொண்டு போகிறது. அவன் இப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று?

மார்ச் 15, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் நாளைக்காக எல்லாவற்றையும் துடைத்து எடுத்து வைத்திருக்கிறான். கன்ட்ரோலர் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி. நெட் இல்லை என்றதாம். தன் போனிலிருந்து நெட் கொடுத்து, அப்டேட்டை அழுத்தி, முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். என்ன ஒரு அக்கறை!

கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். "உன்ன யாரு தொடச் சொன்னா? படிக்கத் தெரியாதா உனக்கு?"

"சிவப்பா எரிஞ்சுதுடி. சிவப்ப எப்படி அப்படியே விடுறது?"

எங்கள் வேலையில் கயிற்றிலோ கொக்கியிலோ சிவப்பு நாடா கட்டியிருந்தால் அதைச் சரிசெய்யாமல் யாரும் தொங்கக்கூடாது. பதினோரு வருடமாக அவன் உயிரோடு இருப்பது அந்தப் பழக்கத்தால்தான். மூன்று மீட்டர் விஷயத்தை நானும் அவனிடம் சொல்லி வைக்கவில்லை. அவனை எப்படித் திட்டுவது?

பழைய பதிப்புக்குத் திரும்பலாமா என்று உதவி மையத்தைக் கேட்டேன். "தங்கள் பாதுகாப்பைக் கருதி அந்த வசதி நீக்கப்பட்டுள்ளது. உங்கள் பொறுமைக்கு நன்றி."

நாசமாகப் போங்கள்.

மார்ச் 16, திங்கள்

மகாராணி சுவரிலிருந்து மூன்று மீட்டரில் நின்று கீச்கீச்சென்று கத்தியது. அண்ணன் எப்படித் தள்ளினாலும் அதற்கு மேல் போகவில்லை. மேனேஜர் திரையைப் பார்த்தார். கறை தெரிந்தது, துருத்திக்கொண்டு நின்ற டைல்கள் தெரிந்தன. விரிசல் ஒன்றுகூடத் தெரியவில்லை.

"சரி, விளையாட்டு போதும். கயித்த எடுங்க."

எல்லோரும் மொட்டை மாடிக்குப் போனோம். அண்ணன் பெல்ட்டை எடுத்து மாட்டினான். கொக்கி வளையத்துக்குள் போகவில்லை. இரண்டு முறை தவறியது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அந்தப் பிளாஸ்டிக் பொம்மை சுவருக்குப் பக்கத்தில் போனால் ஆபத்து என்று எங்கேயோ நாலு பேர் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அதற்கு ஒரு கீறல் விழக்கூடாதாம். மனிதன் சுவரோடு சுவராகத் தொங்கலாம். அதற்கு எவனும் அப்டேட் அனுப்ப மாட்டான்.

கேட்டேவிட்டேன். "பொம்மை செவத்துக்கிட்ட போகக்கூடாதுன்னு சட்டம் இருக்கு சார். எங்கண்ணனுக்கு இல்லையா?"

"வாய்ல காட்டுறத வேலைல காட்டு."

"சரி, காட்டுறேன். நான் இறங்குறேன். துருத்திக்கிட்டு நிக்குற இடத்த அண்ணன் திரையில பாத்துச் சொல்லட்டும். அங்க மட்டும் போய்த் தட்டுனா போதும். பாதி நேரத்துல முடிஞ்சிரும்."

பாதி நேரம் என்றதும் மேனேஜர் முகம் மாறியது. "விழுந்தா நான் பொறுப்பில்ல."

"எப்பவுமே நீங்க பொறுப்பில்லதானே சார்."

அண்ணன், "வேணாம்டி" என்றான். பெல்ட்டை அவன் இடுப்பிலிருந்து நானே கழற்றினேன். பிறகு அவனேதான் எனக்கு மாட்டிவிட்டான். ஒவ்வொரு வாரையும் மூன்று முறை இழுத்துப் பார்த்தான்.

"கீழ பாக்காத. டைல மட்டும் பாரு."

மார்ச் 17, செவ்வாய்

தோள் கழன்றுவிடும் போல வலி. கம்பெனிப் பலகையில் 'சுவர்' என்ற கட்டத்துக்கு நேரே என் பெயர். 'தரை' என்பதற்கு நேரே அண்ணன் பெயர். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 28, சனி

ட்ரோன் கம்பெனியிலிருந்து மெயில். எங்கள் தயாரிப்பு உங்கள் வாழ்க்கையை எப்படி மாற்றியது? ஐந்து நட்சத்திரங்களில் மதிப்பிடுங்கள்.

ஏப்ரல் 9, வியாழன்

நேற்று இன்னொரு அப்டேட் வந்தது. அண்ணன் தொடவில்லை. "சிவப்பு வந்திருக்கு, போடவா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தான். இனிமேல் என்ன கெட்டுப்போகப் போகிறது? போடச் சொன்னேன்.

இன்று இருபது மாடிக் கட்டடம். அண்ணன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். முகம் தெளிந்திருக்கிறது, இரண்டு வேளை சாப்பிடுகிறவன் மூன்று வேளை சாப்பிடுகிறான். மகாராணி என் முதுகுக்குப் பின்னால் மூன்று மீட்டரில் மிதந்துகொண்டே வந்தது. கிட்டே வராது. விலகியும் போகாது.

பதினான்காவது மாடியருகே தலை சுற்றி, சுவர் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்வதுபோல் இருந்தது. கண்ணை மூடி நெற்றியை டைலில் வைத்துக்கொண்டேன். இரண்டு கையும் கயிற்றில்.

காதில் மாட்டியிருந்த இயர்போனில் அண்ணன் குரல். "ஏன் நின்னுட்ட?"

"ஒண்ணுமில்ல. டைல் சத்தம் சரியா கேக்கல. திரும்பத் தட்டிப் பாக்குறேன்."

"மெதுவா வா" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை.

சுத்தியல் என் இடுப்புப் பையிலேயே இருந்தது. அவன் கையிலிருந்த திரையில் அது தெளிவாகத் தெரிந்திருக்கும்.