நிலவறையில் ஆறாவது பாடகன்

ஜூன் 4, வியாழன்
வாத்தியமில்லாமல் கூடிப் பாடும் கிளாப்பாக்காரர்கள் ஐந்து பேரும், வியாழன்தோறும் பாடிப் பழகும் என் நிலவறையை விட்டுப் பக்கத்துத் தெரு மரீட்சா வீட்டுக்குப் போகப்போகிறார்களாம். காரணம் மோட்டார். என் வீடு தெருவைவிடத் தாழ்வு. கழிப்பறை, குளியலறைத் தண்ணீரை மேலே சாக்கடைக்குத் தள்ள அது நிலவறை மூலையில் இருக்கிறது. ஓடும்போது 'ங்ங்ங்' என்று இரையும், நிற்கும்போது 'டொம்' என்று இடிக்கும்.

முதல் குரல்காரன் லோவ்ரே சொன்னான்: "தோன்கா, நாங்க அஞ்சு பேர்தான். உன் மோட்டார் ஆறாவதா சேர்ந்துடுச்சு. சேர்ந்தா பரவால்ல, சுருதியே சேரமாட்டேங்குது!"

அடிக்குரல் பாடும் யெர்கோ குனிந்து மோட்டார்க் குழாயைத் தொட்டுப் பார்த்தார். அவர் வராவிட்டால் வியாழக்கிழமை எனக்கு எதற்கு?
எழுதியே விட்டேன். ஐம்பத்தெட்டு வயதில்!

ஜூன் 6
யெர்கோ தனியாக வந்தார், பூச்சுக் கரணையோடு. கல்கொத்தர் அல்லவா.
"குழாய் ஆடுது தோன்கா. ஆடுறதைக் கல்லுக்குள்ள வச்சுப் பூசிட்டா எங்க ஆடும்?"
குழாயைச் சுவரில் பதித்து சிமெண்ட் பூசினார். என்ன அழகான பூச்சு! கணவாய் மீனின் மையில் கறுப்புச் சோறு ஆக்கினேன். இரண்டு தட்டு சாப்பிட்டார்.

ஜூன் 7
ஐயோ.
வீடு முழுக்கப் பாடுகிறது. அலமாரிக் கண்ணாடிக் கோப்பைகள், என் கட்டில், எல்லாம். குழாயின் நடுக்கத்தைக் கல்சுவர் வாங்கி அறை அறையாகப் பங்கு வைக்கிறது. இதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? இந்தக் கடற்கரை ஊரில் ஆண்கள் கடவுளைவிடக் கல்லை நம்புகிறவர்கள்.

ஜூன் 11
லோவ்ரே: "அடுத்த வியாழன் கடைசி. அன்னைக்கும் அது பாடினா, மரீட்சா வீடுதான்."

ஜூன் 12
உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தேன். மோட்டார் இருக்கும் தொட்டி வெறுந்தரையில் உட்கார்ந்து தரையை உலுக்குகிறது. குழாய் சுவரை உலுக்குகிறது. 'டொம்' வருவது கழிவு திரும்பி வராமல் தடுக்கும் வால்விலிருந்து; அதன் மூடி அறைந்து விழுகிறது.
அப்படியானால் அந்தப் பூச்சு... உடைக்க வேண்டும். நானா?

ஜூன் 15
உடைத்தேன்! தொட்டிக்கு அடியில் கனத்த ரப்பர். குழாயின் நடுவே வளையும் ரப்பர்த் துண்டு. சுவரில் பிடிக்கும் பட்டைகளுக்குள் பழைய கார் டியூப். மெதுவாக மூடும், ஸ்பிரிங் வைத்த புது வால்வு. நாற்றத்தைப் பற்றி எழுதமாட்டேன்.

சிமெண்ட் கட்டிகளை அள்ளுமுன் யெர்கோ வந்து நின்றார்.
"இது என் பூச்சு."
"ஆமாம்."
"லேசுல உடைஞ்சுதா?"
"உயிர் போச்சு."
"போகணும். நான் பூசினதாச்சே."
பிறகு சுவரில் கையை வைத்துக்கொண்டு, மேலே போய்த் தண்ணீர் விடச் சொன்னார். விட்டேன். கீழிருந்து கத்தினார்: "விட்டியா?"
"விட்டாச்சு!"
"பொய் சொல்லாத!"
"சத்தியமா! வாளி வாளியா ஊத்துறேன்!"
படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். கீழே அவரும் சிரித்தார். அந்தச் சத்தம்தான் சுவரில் அதிர்ந்தது.

ஜூன் 18, வியாழன்
வேவு பார்க்க வந்த மரீட்சா, பாட்டின் நடுவே மேலே கழிப்பறைக்குப் போனாள். வேண்டுமென்றேதான்! மோட்டாரின் சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது. பாடியவர்கள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.
"ஆறாவது ஆள் எங்க, கோவிச்சுக்கிட்டுப் போயிட்டானா?" என்றான் லோவ்ரே. இங்கேயே பாடுகிறார்கள்!

ஆகஸ்ட் 30, ஞாயிறு
காலை. ரொட்டி வெட்டுகிறேன். யெர்கோ மேலே குளிக்கிறார். கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்குக் கேட்பது அவர் குரல் மட்டும்தான். அடிக்குரலைத் தனியாகக் கேட்டால் எந்தப் பாட்டு என்றே தெரியவில்லை.