பூசணியைத் தரையில் விட்டோம்

மார்ச் 3, திங்கள்
ஒரு குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டி முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் நானும் மனைவியும் பூசணியைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஆறு மாதம் முடிந்துவிட்டது, எட்டரைக் கிலோ. பெயருக்கேற்ற பிள்ளை.

நர்ஸ் அவளை மேசையில் குப்புறப் போட்டார். பூசணி தலையைத் தூக்கிக் கத்தினாள். ஐந்து எண்ணுவதற்குள் தலை தொங்கி மூக்கு துணியில் அழுந்திவிட்டது.

"கீழ விடவே மாட்டீங்களா?"

"கால் தரையில படாம வளர்க்கிறோம் சிஸ்டர்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"கழுத்துக்கும் முதுகுக்கும் வேலையே குடுக்கலியே. முழிச்சிருக்கும்போது குப்புறப் போடுங்க, பக்கத்துலயே இருங்க. வாக்கரெல்லாம் வேணாம். ரெண்டு மாசம் கழிச்சுப் பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரணும்."

பெரிய ஆஸ்பத்திரியா?

மார்ச் 4
கீழே விட்டோம். அழுதாள். தூக்கிவிட்டோம். முழுதாக ஒரு நிமிடம்கூட இல்லை. முதலில் தூக்கியது நான்தான்.

மார்ச் 9, ஞாயிறு
இன்று நானும் அவள் எதிரே குப்புறப் படுத்தேன். முகத்துக்கு முகம். அப்பாவும் மாட்டிக்கொண்டான் என்று நினைத்தாளோ என்னவோ, அழுகையை நிறுத்திவிட்டு என் மீசையையே பார்த்தாள். என் தொப்பை இடித்ததில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

"பயிற்சி யாருக்கு? அவளுக்கா, உங்களுக்கா?" என்றாள் மனைவி.

மார்ச் 17
மனைவியின் அக்கா சக்கரம் வைத்த வாக்கர் வாங்கி வந்திருந்தார். உட்கார வைத்தால் பிள்ளை தானாக ஓடுமாம். நர்ஸ் அதெல்லாம் வேண்டாம் என்றாரே என்றேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சது தரை வேலை. பிள்ளை வளர்க்கிறதப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க."

சுருக்கென்று இருந்தது. மனைவி வாக்கரை எடுத்துப் பரணில் போட்டாள். அப்பாடா.

மார்ச் 30
நூறு வரை எண்ணினேன். தலை கீழே வரவே இல்லை!

ஏப்ரல் 12, சனி
நெஞ்சைத் தூக்கிவிட்டாள், முழங்காலையும் மடக்கிவிட்டாள். ஆனால் முன்னால் உந்தினால் கால் பின்னால் வழுக்குகிறது. இன்று மோவாய் தரையில் இடித்து உதடு கிழிந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம்தான். இருந்தாலும்.

"தரை வழுக்குதுங்க" என்றாள் மனைவி, மெதுவாக.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இது என்ன சாதாரணத் தரையா? கல்யாணத்துக்கு முந்தைய மாதம் தனி ஆளாக நான் போட்டது. குனிந்தால் முகம் தெரியும். வேலை கேட்டு வருகிறவர்களை இங்கேதான் கூட்டி வந்து காட்டுவேன். என் கைவேலையில் குறையா?

விரிப்பைப் போட்டுப் பார்த்தேன். விரிப்பும் அவளோடு சேர்ந்து வழுக்கியது.

ஏப்ரல் 15
இன்றும் அதேதான். உந்துகிறாள், வழுக்குகிறாள், மறுபடி உந்துகிறாள். விடாக்கண்டி. நான்தான் பிடிவாதக்காரன் என்று ஊரே சொல்லும். இவளைப் பார்க்கட்டும்.

நர்ஸ் சொன்ன கெடுவுக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. என்னடா யோசனை உனக்கு?

ஏப்ரல் 20, ஞாயிறு
தூசி ஆகாது என்று இருவரையும் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கூடத்துத் தரையை உடைத்தேன். ஒரு டைல்கூட முழுசாகப் பெயரவில்லை. ஒட்டியது யார்? அந்த வேதனையிலும் அதில் ஒரு திமிர். நாளையிலிருந்து சொரசொரப்பான டைல் போட வேண்டும். மங்கல்தான். முகம் தெரியாது.

ஏப்ரல் 24
நேற்றுத் திரும்பி வந்தார்கள். இன்று காலை வெறும் முழங்காலோடு புதுத் தரையில் விட்டேன். உந்தினாள். கால் நின்றது. ஒரு கை முன்னால் வந்தது, பிறகு இன்னொன்று. இரண்டு டைல் தூரம்! மனைவி அழுதாள். நான் அழவில்லை. சரி, அழுதேன்.

மே 5
நர்ஸ் குப்புறப் போட்டதுதான் தாமதம், மேசை ஓரத்துக்குக் கிளம்பிவிட்டாள். அவர் காலைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

"இனிமே பெரிய ஆஸ்பத்திரி எதுக்கு? இவளுக்குக் காவல்தான் வேணும்."

என் பிள்ளை. தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது. மருந்துக்கடைக்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் சொல்லியே விட்டேன்.

மே 18, ஞாயிறு
புதுவீடு கட்டுகிறவர் ஒருவர் என் பளபளத் தரையைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்திருந்தார். கூடத்தில் நின்று கீழே பார்த்தார்.

"இதுவா நீங்க போட்டது?"

பழைய நானாக இருந்திருந்தால் அரைமணி நேரம் விளக்கம் சொல்லியிருப்பேன். வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"ஏங்க, மாவு டப்பாவக் கவுத்துட்டா, வந்து பிடிங்க!"

ஓடினேன். பிடிப்பதற்குள் வெள்ளை வெள்ளையாகக் கூடம் முழுக்கத் தவழ்ந்துவிட்டாள். அவரைச் சுற்றியும் ஒரு வட்டம் அடித்தாள். திரும்பிப் பார்த்தபோது ஆள் போய்விட்டிருந்தார்.

நாளை வேலைக்குப் போகும் முன் சமையலறை வாசலில் ஒரு தடுப்பு அடிக்க வேண்டும். முழங்கால் உயரம் போதாது. நேற்று நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டாள்.