ஏஞ்சல் கேட்ட அங்கி

உத்திரமேரூர்,
புதன்கிழமை.

அரசு வக்கீல் ஏஞ்சலுக்கு, உன் சீனியர் பெண்சாதி எல்லம்மாள் எழுதுவது. இங்கே எல்லாரும் இருக்கிறோம், அவர் ஒருவரைத் தவிர. நீ நன்றாக இருப்பதைப் பேப்பரில் போட்டோ பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

காரியம் முடிந்த மறுநாளே போன் செய்து, "அம்மா, சாரோட கோர்ட்டு அங்கி..." என்று இழுத்தாய். வக்கீல்கள் அவர் படத்தைத் திறந்து வைக்கும் அன்று அதைப் போட்டுக்கொண்டு பேச வேண்டும் என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். ஐந்தாவது வரை படித்த எழுத்து இது, பொறுத்துக்கொண்டு படி.

எண்பத்திரண்டு வயது வாழ்ந்தார், மூன்று தவணை சர்க்கார் வக்கீலாக இருந்தார், ஏரிப் புறம்போக்கு கேஸில் ஜெயித்து ஊருக்கு ஏரியை மீட்டுக் கொடுத்தார். மேடையில் அதையெல்லாம் நீ சொல்வாய். நான் சொல்வதை அங்கே சொல்லாதே.

சர்க்கார் வேலையில் இருந்த நாளெல்லாம் அவர் இந்த வீட்டுக்குச் சாப்பிட வந்த விருந்தாளி. பெரியவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஸ் ஏறின பிறகுதான் கோர்ட்டிலிருந்து வந்தார். ஆட்சி மாறினால் அந்த வேலை போய்விடும் என்று யாரோ சொன்னார்கள். தொண்ணூற்றாறு எலெக்ஷனில் அவர் காட்டிய சின்னத்தை விட்டுவிட்டு எதிரிச் சின்னத்தில் முத்திரை குத்தினேன். விரலில் மை வைத்தவள் மூக்குத்தி நினைவிருக்கிறது. இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

வேலை போனது. "இன்னாடி, நான் வூட்ல குந்திக்கினு கீறேன், நீ சிரிச்சிக்கினு கீற?" என்று கேட்டார். பதினெட்டு நாள் என்னோடு உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டார். பத்தொன்பதாம் நாள் வீட்டிலேயே ஆபீஸ் போட்டு, ஜூனியர் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். கம்பி உடைந்த குடையோடு நீ வந்து நின்றாய். நான் குத்திய ஓட்டுதான் உன்னை என் வாசலில் கொண்டுவந்து விட்டது.

அப்புறம் இந்த வீட்டில் கேட்டதெல்லாம், "ஏஞ்சல், அந்தக் கேஸ் கட்டு எங்க கீது? ஏஞ்சல், நாளைக்கு எத்தினி வாய்தா?" என் பேர் வந்தது தண்ணீர் கேட்கும்போதுதான். தப்பு நடந்தது என்று சொல்லவில்லை. நடந்திருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். நீங்கள் பேசினதெல்லாம் சட்டம். அதோடு நான் என்ன சண்டை போட?

ஆஸ்பத்திரியில், "அங்கிய ஏஞ்சலுக்குக் குட்துடு" என்றார்.

"எனுக்கு இன்னா?" என்று கேட்டேன்.

"உனுக்குத்தான் நான் கீறேனே" என்றார். மறுநாள் அவரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வா, அங்கியைத் தருகிறேன். ஆள் அனுப்பாதே, நீயே வா. கக்கத்தில் இரண்டு இடத்தில் என் கையால் தைத்தது இருக்கும், அதைப் பிரிக்காதே. இப்போது அவர் வேலையில் நீ இருக்கிறாய். அவரைவிட அதிக நாள் இரு. உன் வேலை போக வேண்டும் என்று நான் ஓட்டு மெஷினில் பட்டன் அமுக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் செய். அவரைப் போலவே அங்கியை இடது கையில் மடித்துப் போட்டுக்கொண்டு போ. வாசல் கேட் பக்கத்தில் நின்று, திரும்பி என்னைப் பார்த்து, "போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போ. அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆசீர்வாதத்துடன்,
எல்லம்மாள்