ஏழாவது எதிர்மனுதாரர்

ஓசூர்
திங்கட்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

கிதியோன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

போனில் சொல்ல வாய் வரவில்லை. கூட வேலை பார்த்தவனுக்கு ஜாமீன் போட்ட கடனுக்காக, கோர்ட் உத்தரவுப்படி நான்கு மாதமாகக் கம்பெனியில் என் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்த்தால் அதிலும் பிடித்தம். மற்ற கடன்களையும் கட்ட முடியாததால் திவால் மனு போடுகிறேன். கோர்ட் தடை கொடுத்தால்தான் பிடித்தம் நிற்கும்.

மனுவில் கடன் கொடுத்த எல்லோர் பெயரும் வர வேண்டும். உங்கள் பெயரை மட்டும் விட்டிருந்தேன். வக்கீல் மாதவன் கண்டுபிடித்துவிட்டார்.

"வளையல வித்துக் குடுத்தாங்கன்னு நீதானப்பா சொன்ன? அவங்க பேரு எங்க?"

"அது அம்மா சார்."

"அம்மா குடுத்தா கடன் இல்லையா? மறைச்சது தெரிஞ்சா மனுவே நிக்காது."

அதனால் நீங்கள் ஏழாவது எதிர்மனுதாரர். கோர்ட்டில் அப்படித்தான் எழுதுவார்கள், மனதில் வைக்காதீர்கள். நோட்டீஸ் வந்தால் திருப்பி அனுப்பாமல் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். யாரிடமும் படிக்கக் கொடுக்க வேண்டாம்.

இங்கே குளிர் அதிகம். அப்பாவின் போர்வையைப் பார்சலில் அனுப்புங்கள்.

நோட்டீஸில் விசாரணைத் தேதி இருக்கும். நீங்கள் வந்தே ஆக வேண்டும் என்றில்லை. வருவதாக இருந்தால் பார்சல் வேண்டாம், போர்வையைக் கையிலேயே கொண்டுவாருங்கள்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகன்,
கிதியோன்