மெட்ராஸில் மிச்சமிருந்த உன் ரத்தம்

என் உயிரான அண்ணனுக்கு,

நீ போன பிறகு குற்றாலத்தில் இரண்டாவது சாரல் சீசனும் வந்துவிட்டது. சைக்கிள் கடையை மதினிதான் நடத்துகிறாள். வாடகைக்கு எடுத்துக்கொண்டு குற்றாலம் போகிறவர்களுக்கு, ஒவ்வொரு வண்டியையும் பிரேக் பிடித்துப் பார்த்துத்தான் கொடுக்கிறாள். அம்மா பேச்சைக் குறைத்துவிட்டாள். இதைச் சொல்ல மட்டும் எழுதவில்லை. உன்னைக் கேட்க வழியில்லாமல் நாங்களே ஒரு முடிவு எடுத்துவிட்டோம்.

மதுரையில் ஒரு சிறுநீரகத்தை எடுத்த பிறகும் நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது என்று தெரிந்து, உன்னை மெட்ராஸுக்கு ரயிலேற்றிக் கொண்டுபோனோமே, ஞாபகம் இருக்கிறதா? வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருந்த அந்த டாக்டர், புற்றுநோயை எதிர்க்கிற சக்தி ரத்தத்தின் வெள்ளையணுக்களில் இருக்கிறது என்றார். அவற்றை வெளியே எடுத்து, மருந்தால் பெருக்கி, திரும்ப உடம்பில் ஏற்றிப் பார்க்கிறார்களாம். அந்த மருந்து இங்கே வரவில்லை. நீ மேலும் தளர்வதற்குள் அணுக்களை எடுத்து உறைய வைத்துவிடலாம், மருந்து வந்ததும் உதவும் என்றார்.

ஒரு கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குப் போய், வெள்ளையணுக்களை விட்டுவிட்டு மறு கை வழியாகத் திரும்பியது. கம்பளிக்குள்ளும் நடுங்கினாய். "ஏட்டி, உதட்டுல எறும்பு ஊருத மாதிரி இருக்கு" என்றாய். நர்ஸ் கால்சியம் ஊசி போட்டதும் சரியாயிற்று. பையில் சேர்ந்தது வெள்ளையாக இல்லாமல் மங்கிய சிவப்பாக இருந்ததில் உனக்கு ஏமாற்றம். ஆனாலும் ஊருக்குத் திரும்பும்போது உன் முகம் தெளிந்திருந்தது. மருந்து வரவில்லை. நீ போய்விட்டாய்.

இந்தச் சாரலுக்குக் குடும்பத்தோடு குற்றாலம் வந்த டாக்டர், விசாரித்துக்கொண்டு தென்காசிக்கு நம் வீட்டுக்கே வந்தார். உன் பைகள் இன்னும் திரவ நைட்ரஜனில் இருக்கின்றனவாம். அழித்துவிடலாம். அல்லது, இத்தனை நாள் உறைந்த அணுக்களுக்கு உயிர் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கலாம், இனி வருகிறவர்களுக்கு எப்படி எடுத்து வைப்பது என்று தெரியும் என்றார். வீட்டார் சம்மதம் வேண்டும்.

மதினி தலை குனிந்திருந்தாள். அம்மாதான் கேட்டாள்.

"அப்பம் எம்பிள்ள அங்கன உயிரோட இருக்கானா?"

"அவர் இல்லம்மா. அவர் ரத்தத்துல இருந்த அணுக்கள்" என்றார் டாக்டர்.

"அவன் ரத்தம் அவன் இல்லாம வேற யாரு? முழுசும் எரிச்சி சித்தாத்துல கரைச்சாச்சின்னுல்லா நெனச்சிக்கிட்டிருக்கேன்."

மதினி நிமிர்ந்து, "அவுக இருந்தா குடுங்கன்னுதான் சொல்லுவாக" என்றாள். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் என்னிடம் வந்து, அவனைத் தனியாக விடாதே, கூடப் போய் இரு என்றாள்.

மெட்ராஸுக்குப் போனேன், அண்ணே. பைகளை இளஞ்சூட்டு நீரில் உருக்கினார்கள். மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார்கள். பெரும்பாலானவை சாயம் ஏறி நீலமாகக் கிடந்தன. நீலமானவை செத்தவை. நடுவே சில மட்டும் தெளிவாக, வட்டமாக மின்னின. அவற்றை வளர்க்கப் பார்த்தார்கள். நான் அங்கே இருக்கும்போதே அவையும் நீலமாயின. மருந்து வந்திருந்தாலும் இவை உன்னைக் காப்பாற்றியிருக்காது, உறைய வைத்த முறை சரியில்லை என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். அப்படியானால் ரயிலில் உன் முகத்தில் இருந்த அந்தத் தெளிவை நான் என்னவென்று நினைத்துக்கொள்வது? உனக்குத் தெரியாமல் போனதே நல்லதா?

வீட்டுக்கு வந்து சொன்னதும், அம்மா சிற்றாற்றுக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு வந்தாள். "இப்பம்தாம்ல நீ போயிருக்க" என்று சுவரிலிருந்த உன் படத்திடம் சொன்னாள். மதினி அன்றைக்குக் கடை திறக்கவில்லை.

உறைய வைக்கும் முறையை மாற்றிப் பார்க்க, நோய் இல்லாதவர்களின் வெள்ளையணுக்களும் வேண்டுமாம். டாக்டர் என்னிடம் கேட்கவில்லை. நானே வருகிறேன் என்றேன். அம்மாவுக்குப் பயம், இன்னொரு பிள்ளையின் ரத்தமும் அங்கே போகவேண்டாம் என்கிறாள். அவளைச் சமாதானம் செய்துவிட்டு, தீபாவளி கழிந்ததும் போய்க் கையை நீட்டுவேன். யாரோ ஒருத்தியின் அண்ணனிடம் 'எடுத்து வைப்போம்' என்று ஒரு டாக்டர் சொல்லும்போது, அந்தச் சொல் பொய்த்துவிடக் கூடாது. அதற்கு என்னால் ஆனதைச் செய்வேன், அண்ணே.

உன் ரத்தத்தில் பங்குள்ள தங்கச்சி,
செல்வி