டிரம்ஸ் அடிச்சவன் என்ர தம்பி

என்ர சுதன் குஞ்சு,

நீ போய் மூண்டு பனிக்காலம் முடிஞ்சுது. இவ்வளவு நாளும் உனக்கு எழுத எனக்கு மனம் வரேல்லை. இப்ப எழுதுறன், ஏனெண்டால் யோர்க்கை நேரில கண்டிட்டன். ஓம், உந்த ஜேர்மன்காரன்தான். கண்டதோட விடவும் இல்லை.

இதை வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்கவேணும். பத்தொன்பது வயதில நீ ஜேர்மனியில ஒரு சின்ன ஊரில அகதியா இருந்தனி. அந்த ஊர்ப் பெடியள் மூண்டு பேரோட சேர்ந்து, ஒரு பழைய மாட்டுக் கொட்டிலுக்குள்ள டிரம்ஸ் அடிச்சனி. பிளாக் மெற்றல் எண்ட இரைச்சல் பாட்டு. கிறிஸ்தவம் வர முந்தித் தங்கட சனம் கும்பிட்ட காட்டுத் தெய்வங்களைக் கத்திப் பாடுற கூட்டம். அவங்கட முதல் இசைத்தட்டில டிரம்ஸ் முழுக்க உன்ர கைதான்.

அட்டைக்குப் படம் எடுக்கக் காட்டுக்குப் போன இடத்தில, பாட்டுக்கார யோர்க் உன்னைப் பாத்து, "நீ இந்தக் காட்டுக்குப் பொருந்தமாட்டாய்" எண்டு சொல்லித் தள்ளி நிக்க வைச்சவன். அந்தப் படத்தை எடுத்ததே நீதான், உன்ர கமராவால. அட்டையிலயும் டிரம்ஸ் அடிச்சவன் எண்டு ஏதோ ஒரு பழைய ஜேர்மன் பேரைப் போட்டு முடிச்சிட்டாங்கள். பிறகு கனடாவுக்கு என்னட்டை வந்து நீ அதை எனக்குச் சிரிச்சுச் சிரிச்சுத்தான் சொன்னனி. உனக்கு உண்மையா நோகேல்லையே? நான் கேக்காமலே விட்டிட்டன்.

போன மாரியில உன்ர மருமகள் ஆரணி ஓடிவந்தாள். "அம்மா, மாமாவின்ர பாண்ட் இப்ப பெரிய லெஜண்டாம். கம் அண்ட் சீ!" அப்ப ஒருத்தரும் திரும்பிப் பாக்காத இசைத்தட்டை இப்ப தேடித் திரியினமாம். திரும்ப அச்சடிக்கப் போகினமாம். யோர்க் பேட்டி குடுத்திருந்தான். டிரம்ஸ் அடிச்சவன் தங்கட மண்ணில பிறந்த பெடியனாம். ஒரு நாள் காட்டுக்குள்ள போனவன் திரும்பி வரேல்லையாம். முதல் பாட்டுக்கு முன்னால வாற கத்தல் ஒரு பழைய மந்திரமாம். 'அக்கா' எண்டது காட்டுத் தாயின்ர பேராம்.

முதல்ல எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஆரணியை அந்தப் பாட்டைப் போடச் சொன்னன். ரெலிபோன் கூண்டுக்குள்ள இருந்து நீ ரொறன்ரோவில இருந்த எனக்கு எடுக்கேக்க, அந்த இரைச்சலுக்குள்ளால முதல் கேக்கிறது அதுதானே: "அக்கா, கேக்குதே?" கசற்றை எனக்கு அனுப்பப் போற சந்தோசத்தில மைக்கிலயும் அதையே கத்தி வைச்சனி. என்னைக் கூப்பிட்டதைக்கூட எடுத்துத் தன்ர தெய்வத்துக்குப் போட்டிட்டான்.

ரெண்டு தரம் அவனுக்கு எழுதினன். "எங்கள் கலைக்கு முகங்கள் தேவையில்லை" எண்டு ஒரு வரி வந்தது. அண்டைக்கே முடிவெடுத்திட்டன், இவனை நாலு பேருக்கு முன்னாலதான் பிடிக்கவேணுமெண்டு.

தானாவே வந்தான். இங்க ரொறன்ரோ நகரத்துக்க ஒரு இசைத்தட்டுக் கடையில, சனிக்கிழமை பின்னேரம், கையெழுத்துப் போட்டுக் குடுக்க. நானும் ஆரணியும் ரூஜில இருக்கிற எங்கட வீட்டிலயிருந்து பஸ் எடுத்துப் போனம். கடை முழுக்கக் கறுப்பு உடுப்பு. அதுக்குள்ள மண்ணிறக் கோட்டும் பொட்டுமா நான். எனக்குப் பின்னால நிண்டவன் கையில அக்கா எண்டு இங்கிலீசு எழுத்தில பச்சை குத்தியிருந்தான்.

என்ர முறை வந்தது. யோர்க் நல்லா நரைச்சுப் போனான். "ஆற்ற பேருக்கு எழுத?" எண்டு கேட்டான்.

"அக்காவுக்கு."

சிரிச்சான். "காட்டுத் தாய்க்கோ?"

"இல்லை. சுதன்ர அக்காவுக்கு."

பேனை அப்பிடியே நிண்டுது. நான் கொண்டுபோன பழைய படமொண்டை மேசையில வைச்சன். கொட்டிலுக்குள்ள அவங்கள் மூண்டு பேரும், டிரம்ஸுக்குப் பின்னால நீயும். பச்சை குத்தினவன் எட்டிப் பாத்து, "இவர் ஆர்?" எண்டான்.

எல்லாருக்கும் கேக்கச் சொன்னன். "டிரம்ஸ் அடிச்சவர். காட்டுக்குள்ள காணாமல் போகேல்லை. ஸ்காபரோவில பேக்கரியில வேலை செய்து, என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு செத்தவர்."

யோர்க் எழும்பி, "வெளியில போய்க் கதைப்பம்" எண்டான்.

"திரும்பவும் தள்ளி நிக்கச் சொல்லுறியோ?"

"எனக்கு அப்ப இருபது வயது. ஆக்கள் என்ன சொல்லுவினமோ எண்டு பயந்திட்டன்."

"என்ர தம்பிக்குப் பத்தொன்பது."

ஆரணி தன்ர போனில நீ எனக்குக் கடைசியா விட்ட வொய்ஸ் மெசேஜைப் போட்டாள். "அக்கா, கேக்குதே? பாண் கொண்டு வாறன்." கடைக்காரன் முதல் பாட்டைப் போட்டான். அதே குரல், அதே ரெண்டு சொல்லு. அதுக்கு என்ன கருத்தெண்டு நான் இங்கிலீசில சொன்னன். யோர்க் மேசையைப் பாத்தபடி நிண்டான். எனக்கு நெஞ்சு குளிர்ந்துது. உனக்குப் பொய் சொல்ல மாட்டன், அவ்வளவு குளிர்ந்துது.

அங்க நிண்ட ஆரோ அதைப் படம்பிடிச்சுப் போட, ஊர் உலகமெல்லாம் பரவி, இசைத்தட்டுக் கொம்பனிக்காரர் அச்சடிக்கிறதை நிப்பாட்டிப்போட்டினம். 'நன்றி' எண்ட இடத்தில உன்ர பேரைப் போடலாமாம். நான் ஏலாது எண்டன். டிரம்ஸ் எண்டதுக்கு நேரா, முழுப் பேரும், கொட்டில் படமும். ஒத்துக்கொண்டிட்டினம்.

பிறகு யோர்க் எழுதினான், வீட்டுக்கு வந்து உன்ர படத்துக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தலாமோ எண்டு. வரவேண்டாம் எண்டிட்டன். "அம்மா, தட்ஸ் இனஃப். விடுங்கோவன்" எண்டாள் ஆரணி. நீயெண்டால் அவனை உள்ள கூப்பிட்டுத் தேத்தண்ணியும் குடுத்திருப்பாய். எனக்கு ஆத்திரம் அடங்காததும் அதாலதான். உன்ர நல்ல குணத்திலதானே அவன் இவ்வளவு காலமும் ஒளிச்சிருந்தவன்?

வாற கோடையில அந்த இசைத்தட்டு முழுவதையும் யோர்க்கின்ர ஆக்கள் ஜேர்மனியில தங்கட ஊரில வாசிக்கப் போகினமாம். எனக்கும் ஆரணிக்கும் ரிக்கெற் எடுத்திட்டன். ஒண்டும் கத்தமாட்டன், ஒண்டும் எறியமாட்டன். உன்ர படத்தைப் பிடிச்சுக்கொண்டு முன் வரிசையில நிப்பன். கடைசிப் பாட்டு முடியுமட்டும் அவன் உன்ர முகத்தைப் பாத்துத்தான் பாடவேணும். இது சத்தியம், குஞ்சு.

உனக்காக மன்னிக்க மறுக்கிற,
உன்ர ஒரே அக்கா
வசந்தி